கிரைண்டர் மலேசியா போகிறது: ஆசியான் சான்றிதழா, மைசெக்காவா, எதுவுமே வேண்டாமா?

கோயம்புத்தூர், ஈரோடு, பண்ருட்டிப் பக்கமிருந்து முதல் முறையாக மலேசியாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விலை பேசி முடிந்திருக்கும், கன்டெய்னர் புக் ஆகியிருக்கும். அப்போது கோலாலம்பூர் பையர் வாட்ஸ்அப்பில் "சி.ஓ. அனுப்புங்க" என்று ஒரு வரி போடுவார். எந்த சி.ஓ. என்று சொல்ல மாட்டார். ஏஜென்ட்டைக் கேட்டால் "ஏ.ஐ. ஃபார்ம் போட்டுடலாம் சார், எல்லாரும் அதான் போடுறாங்க" என்பார். பக்கத்துப் பட்டறைக்காரர் மைசெக்காதான் நல்லது என்பார். வங்கியில் இருப்பவர் சேம்பரில் வாங்கினாலே போதும் என்பார்.

மூன்று பேர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரிதான். எது உங்கள் சரக்குக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

சி.ஓ. என்பது சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின், அதாவது பொருள் இந்தியாவில் உருவானது என்பதற்கான சான்றிதழ். இதில் இரண்டு வகை. வணிகச் சபைகள் கொடுக்கும் சாதாரணச் சான்றிதழ் வங்கிக்கும் எல்.சி.க்கும் (பையர் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) உதவும், அதைக் காட்டினால் அங்கே ஒரு ரிங்கிட்கூட வரி குறையாது. வரி குறைய வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஒப்பந்தத்தின் கீழ் வாங்கிய சலுகைச் சான்றிதழ் வேண்டும். மலேசியாவுக்கு அப்படி இரண்டு கதவுகள். ஒன்று, 2009 ஆகஸ்ட் 13 அன்று கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்துடன் நடைமுறைக்கு வந்த ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு)–இந்தியா சரக்கு வர்த்தக ஒப்பந்தம். ஏஜென்ட் சொல்லும் ஏ.ஐ. ஃபார்ம் இதற்கு உரியது. இன்னொன்று, 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய–மலேசிய விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம். மைசெக்கா என்பது இதன் சுருக்கம்.

ஆக, பையர் கேட்பது வங்கிக்கா, சுங்கத்துக்கா என்பதை முதலில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

பலரும் வரி விகிதத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். இரண்டு ஒப்பந்தங்களும் பத்து வருடங்களுக்கு மேல் ஓடி, படிப்படியான வரிக்குறைப்பெல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பல பொருட்களுக்கு இரண்டு வழியிலும் ஒரே விகிதம்தான் வரும். அதனால் நான் பார்க்கச் சொல்லும் வரிசை வேறு:

1. சலுகையே இல்லாமல் போனால் அங்கே வரி எவ்வளவு? சுழியம் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.
2. உங்கள் பொருளுக்குள் இருக்கும் உதிரிகளும் மூலப்பொருளும் எந்த நாட்டிலிருந்து வந்தவை?
3. கப்பல் எந்த வழியாகப் போகிறது, பில் யார் போடுகிறார்?
4. காகித வேலைக்கு ஆகும் செலவும், வெளியே தெரிந்துவிடும் தகவலும் எவ்வளவு?
5. மிச்சமாகும் வரி யார் பைக்குப் போகிறது?

என் அனுபவத்தில் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாவது கேள்விதான். கேட்கப்படாமல் போவதும் அதுதான்.

## வழி ஒன்று: சலுகைச் சான்றிதழ் இல்லாமலே அனுப்புவது

இதை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை. ஆனால் சிறு ஏற்றுமதியாளருக்குப் பல நேரங்களில் இதுதான் சரியான விடை.

பொருளை வகைப்படுத்தும் சுங்க எண்தான் எச்.எஸ். கோடு; அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். வீட்டுக் கிரைண்டர் என்றால் 8509.40. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்கள் மலேசியாவில் வேறு, இந்தியாவில் வேறு. பையரிடம் அவர்கள் ஊர்க் கோடைக் கேட்டு வாங்கி, மலேசியச் சுங்கத்துறையின் இணையதளத்திலோ இந்தியன் டிரேட் போர்ட்டலிலோ போட்டுப் பாருங்கள். சாதாரண விகிதமே சுழியமாக இருந்தால் சலுகைச் சான்றிதழால் ஒரு பயனும் இல்லை.

வரி இருந்தாலும் அளவைப் பாருங்கள். ஒரு கிரைண்டர் எஃப்.ஓ.பி. (இந்தியத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரையிலான விலை) 6,000 ரூபாய், அங்கே வரி 5 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 20 கிரைண்டர் சாம்பிளாகப் போனால் மிச்சம் ஏறத்தாழ 6,000 ரூபாய். 400 கிரைண்டர் கன்டெய்னரில் போனால் 1.2 லட்சம். முதலாவதற்காக ஏஜென்ட்டுக்குக் கட்டணமும் கொடுத்து, செலவுக் கணக்கும் தயாரித்து, இரண்டு நாள் அலைவதில் அர்த்தமில்லை. இரண்டாவதை விட்டால் முட்டாள்தனம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சான்றிதழ்கள் குறைப்பது இறக்குமதி வரியை மட்டும்தான். மலேசியாவின் 5 அல்லது 10 சதவீத விற்பனை வரி, சிங்கப்பூரின் 9 சதவீத ஜி.எஸ்.டி., தாய்லாந்தின் 7 சதவீத வாட் எல்லாம் அப்படியே நிற்கும். "ஒப்பந்தம் இருக்கே, வரியே இல்லையாமே" என்று பையரிடம் பேசிவிட்டு அப்புறம் விழிப்பவர்கள் உண்டு.

## வழி இரண்டு: ஆசியான் சான்றிதழ்

விதி இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக் கேட்கிறது. முதலாவது, எஃப்.ஓ.பி. மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். மாற்றிச் சொன்னால், வெளிநாட்டு மூலப்பொருளும், எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருளும் சேர்ந்து 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பொருளின் ஆறு இலக்கக் கோடும் உங்கள் பட்டறையில் மாறியிருக்க வேண்டும். பேக்கிங், லேபிள் ஒட்டுவது, சும்மா பூட்டி மாட்டுவது போன்ற வேலைகள் கணக்கில் வராது.

கிரைண்டரில் வைத்துப் பார்ப்போம். கல் உள்ளூர், ஸ்டீல் டிரம் உள்ளூர். மோட்டார் சீனாவிலிருந்து 1,700 ரூபாய், சுவிட்ச், பெல்ட் வகையறா இறக்குமதி 250 ரூபாய். மொத்தம் 1,950. எஃப்.ஓ.பி. 6,000 என்றால் 32.5 சதவீதம். 65-க்கு வெகு கீழே. மோட்டாரின் கோடு 8501, கிரைண்டர் 8509, கோடும் மாறிவிட்டது. தேறிவிடும்.

இதே பட்டறை, சீனாவில் செய்த மிக்ஸி ஒன்றையும் தன் பிராண்டு ஒட்டிக் கிரைண்டரோடு காம்போவாக அனுப்பினால்? மிக்ஸியும் 8509.40. கோடு மாறவில்லை, பெட்டி மட்டும்தான் மாறியது. அந்த மிக்ஸிக்குச் சான்றிதழ் கேட்கவே கூடாது. ஓட்டலுக்கான பெரிய டில்டிங் கிரைண்டர் வீட்டு உபயோகம் என்ற வகைக்கு வெளியே, 8438 தலைப்புக்குப் போகக்கூடும். அதற்கு வரியும் வேறு, கணக்கும் வேறு. ஒரே இன்வாய்ஸில் மூன்று பொருள் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்பது இதனால்தான்.

ஆசியான் வழியின் உண்மையான பலம் அடுத்து வருவது. ஆசியான் நாடு ஒன்றிலிருந்து உரிய சான்றிதழோடு வந்த மூலப்பொருளை உங்கள் நாட்டுப் பொருளாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இதன் அருமை கிரைண்டரில் தெரியாது, முந்திரியில் தெரியும். பண்ருட்டிப் பக்கம் உடைக்கும் முந்திரிக்கொட்டையில் ஒரு பகுதி இறக்குமதி. ஓட்டோடு இருக்கும்போது 0801.31, உடைத்துப் பருப்பானதும் 0801.32. கோடு மாறுவதில் சிக்கலே இல்லை. ஆனால் பருப்பின் விலையில் பெரும்பங்கு கொட்டையின் விலைதான். கூலி, மின்சாரம், லாபம் எல்லாம் சேர்த்தாலும் 35 சதவீதத்தைத் தொடுவது கஷ்டம். கொட்டை ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. கம்போடியாவிலிருந்து ஏ.ஐ. சான்றிதழோடு வந்திருந்தால் அதே பருப்பு தேறிவிடும். கொட்டை வாங்கும்போதே அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த ஊர் வியாபாரி ஃபோனை எடுக்க மாட்டார்.

இரண்டாவது பலம், வழியில். சரக்கு சிங்கப்பூரில் இறங்கி ஏறினாலும் அதுவும் ஒப்பந்த நாடு என்பதால் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர் டிரேடர் உங்களிடம் வாங்கிப் புருனேக்கோ இந்தோனேசியாவுக்கோ பிரித்து அனுப்பினால், உங்கள் மூலச் சான்றிதழை அடிப்படையாக வைத்து அங்கேயே அடுத்த சான்றிதழ் வாங்கவும் இடமிருக்கிறது.

## வழி மூன்று: மைசெக்கா

ஆசியான் ஒப்பந்தத்துக்கு மேலே கொஞ்சம் போக வேண்டும் என்றே இந்தியாவும் மலேசியாவும் தனியாகப் போட்டது இது. சரக்கோடு சேவை, முதலீடு எல்லாம் இதில் உண்டு. பாஸ்மதி அரிசி, மாம்பழம், முட்டை, பருத்தி ஆடை, மோட்டார்சைக்கிள், லாரி போன்றவற்றில் மலேசியா இந்தியாவுக்குக் கூடுதலாக வழிவிட்டது இதன் மூலம்தான். நீங்கள் திருப்பூர் பனியன்காரராகவோ மாம்பழம் அனுப்புகிறவராகவோ இருந்தால், ஆசியான் விகிதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் இதையும் கட்டாயம் பாருங்கள்.

பொது விதி கிட்டத்தட்ட அதேதான்: 35 சதவீதம், ஆறு இலக்கக் கோடு மாற்றம். ஆனால் இரண்டே நாடுகளின் ஒப்பந்தம் என்பதால், கூட்டிக்கொள்ளும் வசதி இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இடையில் மட்டும். கம்போடியக் கொட்டை இங்கே அந்நியப் பொருள். தாய்லாந்து மோட்டாரும் அப்படியே. சிங்கப்பூரும் இதில் மூன்றாவது நாடு என்பதால், சரக்கு அங்கே மாறி ஏறினால் கொழும்பில் மாறி ஏறுவதற்கு உள்ள நிபந்தனைகள் (கீழே சொல்கிறேன்) அதற்கும் வந்துவிடும்.

உள்ளூரில் விளைந்ததோ முழுக்க உள்ளூரில் செய்ததோ மலேசியாவுக்கு மட்டும், மலேசியாவிலேயே விற்பதற்குப் போகிறது என்றால் மைசெக்காவில் குறை ஒன்றும் இல்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு எந்தக் கதவும் திறக்கும்; விகிதம் எதில் குறைவோ அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | சான்றிதழ் இல்லாமல் | ஆசியான் (ஏ.ஐ.) | மைசெக்கா |
|---|---|---|---|
| எந்த நாடுகளுக்கு | எங்கும் | ஆசியான் நாடுகள் | மலேசியா மட்டும் |
| உள்ளூர் மதிப்பு | கேள்வி இல்லை | 35% + கோடு மாற்றம் | 35% + கோடு மாற்றம் |
| மற்ற ஆசியான் நாட்டு மூலப்பொருள் | பொருட்டில்லை | சான்றிதழ் இருந்தால் சேர்க்கலாம் | மலேசியாவினுடையது மட்டும் |
| சிங்கப்பூர் வழி | தடையில்லை | ஒப்பந்த நாட்டு வழி | மூன்றாம் நாட்டு வழி |
| யாருக்குப் பொருந்தும் | சாம்பிள், சிறு சரக்கு, வரியே இல்லாத பொருள் | கலப்பு மூலப்பொருள், பல நாட்டு விற்பனை | கூடுதல் சலுகை உள்ள பொருள், நேரடி விற்பனை |

## கணக்கில் எழுதாத செலவுகள்

விலை வெளியே தெரிவது. ஏ.ஐ. படிவத்தில் எஃப்.ஓ.பி. மதிப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நேரடியாக விற்றால் பரவாயில்லை, பையருக்கு அந்த விலை தெரிந்ததுதான். நடுவில் சிங்கப்பூர் டிரேடர் ஒருவர் தன் பெயரில் பில் போட்டு மலேசியாவுக்கு விற்கிறார் என்று வையுங்கள். மூன்றாம் நாட்டு இன்வாய்ஸை ஒப்பந்தம் அனுமதிக்கிறது. ஆனால் கடைசியில் வாங்குகிறவர் கைக்கு உங்கள் சான்றிதழ் போகும்போது உங்கள் விலையும் போகும். டிரேடர் வைத்த லாபம் அவருக்கு அப்பட்டமாகத் தெரியும். இதனாலேயே சில டிரேடர்கள் "சி.ஓ. வேண்டாம், வரியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை.

செலவுக் கணக்கைக் காட்டுவது. சான்றிதழ் தருகிற முகமையிடம் மூலப்பொருள், கூலி, லாபம் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளம் வழியாகப் போகிறது. பெரும்பாலான பொருட்களுக்கு ஏற்றுமதி ஆய்வு முகமையை அணுகலாம். ஒழுங்கான காஸ்டிங் ஷீட் வைத்திருக்கிற பட்டறைக்கு இது அரை நாள் வேலை. எல்லாம் முதலாளி மனதில் மட்டும் இருக்கிற பட்டறைக்கு முதல் தடவை பெரும்பாடு.

கப்பல் காகிதம். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் சரக்கில் கணிசமானது கொழும்பில் கப்பல் மாறும். இலங்கை எந்த ஆசியான் ஒப்பந்தத்திலும் இல்லை. அங்கே சரக்கை இறக்கி ஏற்றலாம், வேறொன்றும் செய்யக் கூடாது. இந்தியத் துறைமுகத்திலிருந்து சேரும் துறைமுகம் வரை ஒரே தொடர் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது, சுருக்கமாக பி.எல்.) இருக்க வேண்டும். கட்டணத்தில் சில நூறு டாலர் குறைகிறது என்று இரண்டு பி.எல்.லாகப் பிரித்து வாங்கினால் சலுகையே போய்விடலாம். சென்னையிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு நேரடிக் கப்பல் கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

தேதி. ஆசியான் சான்றிதழை ஏற்றுமதியின்போதோ, கப்பல் ஏறி மூன்று வேலை நாட்களுக்குள்ளோ வாங்க வேண்டும். தவறினால் 12 மாதம் வரை பின்தேதிச் சான்றிதழ் வாங்கலாம், அதற்கென்று குறிப்பிட்ட வாசகம் அதில் இருக்க வேண்டும். அது சட்டப்படி செல்லும். ஆனால் அதற்குள் பையர் முழு வரி கட்டிச் சரக்கை எடுத்திருப்பார். திரும்பக் கேட்டு அலைவது அவர் பாடு, அடுத்த ஆர்டரில் அதன் சூடு உங்களுக்கு.

சரிபார்ப்பு. அங்கே உள்ள சுங்கத்துறைக்குச் சந்தேகம் வந்தால் பிறகும் கேட்கும். நம் நாடே 2020 செப்டம்பர் முதல் இறக்குமதியாளர்களிடம் பொருள் எந்த நாட்டினது என்ற தகவலை ஐந்து வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. எதிர்ப்பக்கம் மட்டும் சும்மா இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சீன மோட்டாரின் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

## சிங்கப்பூர், தாய்லாந்து, மற்றவர்கள்

சிங்கப்பூருக்கு இந்தக் குழப்பமே தேவையில்லை. சில மதுவகைகள் தவிர அங்கே ஏறக்குறைய எதற்கும் இறக்குமதி வரி கிடையாது. 2005-லிருந்து இந்திய–சிங்கப்பூர் ஒப்பந்தம் தனியாக இருந்தாலும், கிரைண்டரோ மசாலாவோ அனுப்புகிறவருக்கு அதன் சான்றிதழால் வரியில் எந்த லாபமும் இல்லை. சரக்கு அங்கிருந்து வேறு ஆசியான் நாட்டுக்குப் போகப் போகிறது என்றால் மட்டும் ஏ.ஐ. வாங்குங்கள்.

தாய்லாந்துக்கு ஆசியானைத் தவிர 82 பொருட்களுக்கான பழைய முன்கூட்டிய சலுகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2004 செப்டம்பரில் தொடங்கி 2006 செப்டம்பரில் வரி சுழியமானது. பட்டியல் சின்னது, உங்கள் பொருள் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். வியட்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றுக்கும் ஆசியான் வழி ஒன்றுதான்.

பிம்ஸ்டெக்கை (வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பு) நம்பி யாராவது திட்டம் போட்டிருந்தால் தள்ளிவையுங்கள். 1997-இல் தொடங்கிய அமைப்பு, 2004-இல் தடையற்ற வர்த்தகத்துக்கு அடிப்படை ஒப்பந்தமும் போட்டது. அதன் கீழ் சான்றிதழ் வாங்கி அனுப்பும் நிலை இன்னும் வரவில்லை. ஆசியானும் சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்செப் வர்த்தக ஒப்பந்தம் இன்னும் எளிது: 2019 நவம்பரில் இந்தியா விலகிக்கொண்டது. ஆனால் சீனா அதில் இருக்கிறது, மலேசியாவும் இருக்கிறது. கோலாலம்பூர் கடை அலமாரியில் உங்கள் கிரைண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் சீன மிக்ஸிக்கும் சலுகை வரி கிடைக்கும் என்பதை மனதில் வைத்து விலை வையுங்கள்.

## யார் எதை எடுப்பது

வீட்டுக் கிரைண்டர் பட்டறை, மாதம் ஒரு கன்டெய்னர், மலேசியாவுக்கு மட்டும் என்றால் இரண்டு விகிதத்தையும் பாருங்கள். சமமாக இருந்தால் நான் ஆசியானையே எடுப்பேன். நாளை மோட்டாரைச் சீனாவிலிருந்து வியட்நாமுக்கு மாற்றினாலும் கணக்கு தாங்கும். சிங்கப்பூர் வழியாகப் போனாலும் தாங்கும். மைசெக்காவில் ஒரு சதவீதமாவது குறைவு என்றால் அந்தப் பக்கம் போகலாம், கப்பல் நேராகப் போகும்வரை.

இறக்குமதிக் கொட்டை உடைக்கிறவர் மைசெக்காவைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. ஆசியான் நாட்டுக் கொட்டை, சான்றிதழோடு. இல்லையென்றால் சலுகையே கேட்காமல் அனுப்புவது. நடுவில் எதையாவது "அட்ஜஸ்ட்" பண்ணலாம் என்று யாராவது சொன்னால் ஏஜென்ட்டை மாற்றுங்கள்.

முதல் சாம்பிள் அனுப்புகிறவர் சாதாரணச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் மின்சாதன ஒப்புதல் பக்கம் திருப்புவது புத்திசாலித்தனம். மூலச் சான்றிதழ் எவ்வளவு சரியாக இருந்தாலும், அந்த நாட்டுப் பாதுகாப்பு ஒப்புதல் கேட்கும் சாதனம் அது இல்லாமல் வந்தால் கடைக்குப் போகாது. அங்கே செருகுவது தட்டையான மூன்று முனை பிளக் என்பதைக்கூடச் சிலர் கன்டெய்னர் ஏறிய பிறகுதான் கேட்கிறார்கள்.

அப்புறம் அந்த ஐந்தாவது கேள்வி. வரியைக் கட்டுவது பையர், மிச்சம் பிடிப்பதும் பையர். அலைந்து சான்றிதழ் வாங்குவது நீங்கள். எஃப்.ஓ.பி. விலை பேசும்போதே "சலுகைச் சான்றிதழோடு இந்த விலை, இல்லாமல் இந்த விலை" என்று இரண்டு வரி கொட்டேஷனில் போடுங்கள். பத்துக்கு ஆறு பேர் பேரம் பேசுவார்கள், பேசட்டும்.

நீண்ட கால விலை ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2022-23-இல் இந்தியா ஆசியானுக்கு ஏற்றுமதி செய்தது சுமார் 44 பில்லியன் டாலர், அங்கிருந்து வாங்கியது சுமார் 87 பில்லியன். இந்தப் பள்ளத்தைக் காட்டித்தான் ஆசியான் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று இந்தியா கேட்டது. 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன, அதன் பிறகு பேச்சு தொடங்கியது. பொருள் எந்த நாட்டினது என்று தீர்மானிக்கும் மூல விதிகளும் அந்தப் பேச்சில் இருக்கின்றன. பொருளுக்குப் பொருள் தனி விதி வந்தால், இன்று 32.5 சதவீதம் என்று போட்ட கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். அதனால் கொட்டேஷனில் "வரிச் சலுகை விதி மாறினால் விலை மறுபேச்சுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பையர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், ஆறு மாதத்துக்கு மேல் விலை உறுதி கொடுக்காதீர்கள்.